தலைவராக இருந்தது யார்

சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன் அவர் செருப்பைக் கழற்றிப் போட்டார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. பெரிய இடம் என்று பட்டால் எங்கள் பக்கத்து ஆட்கள் தானாகவே கழற்றிவிடுவார்கள், கோயிலில், பேங்கில், டாக்டர் அறையில். கழற்றாதே என்று கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. என் கோர்ட்டில் கழற்றாதே, போட்டுக்கொள். உன் தெருமுனையில், அந்த அடிபம்புக்கு முன்னால், எங்கள் அப்பா குனிந்து செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காய்கிற தார் ரோட்டில் குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்துபோனதைப் பின்னாலேயே நடந்து பார்த்தவள் நான். எனக்குச் செருப்பே கிடையாது, அதனால் கழற்ற வேண்டிய வேலையும் இல்லை. இப்போது நீ கழற்றுகிறாய். ஒரு மேடை, மேலே ஒரு கறுப்பு அங்கி, பின்னால் சுவரில் சிங்கமுத்திரை, இதற்குக் கழற்றுகிறாய். அங்கிக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் மறுபடி மாட்டிக்கொள்வாயா? நீ, உன், அவர். மனசுக்குள்ளேகூட இந்த ஆளைத் திட்டும்போது பாதி வழியில் மரியாதை வந்து ஒட்டிக்கொள்கிறது. சின்ன வயசில் அடித்துப் பழக்கிய நாக்கு. கடவுள் அறிய உண்மை சொல்கிறேன் என்றார். குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது, மற்றபடி அதே குரல், மைக் இல்லாமலே ஊர்ப் பொட்டல் முழுக்கக் கேட்கிற குரல். பெஞ்ச் கிளார்க் பெயர் கேட்டார். கோமதிநாயகம். ஊர்? கொற்றங்குளம். என் வலது காதுக்குப் பின்னால் ஒரு நரம்பு துடிக்க ஆரம்பித்தது.

காலையில் பட்டியலில் பெயரைப் பார்த்தபோது வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். இந்தக் காவிரிக் கரை ஊருக்கு நான் கூடுதல் மாவட்ட நீதிபதியாக வந்ததே ஜூனில்தான், வழக்கெல்லாம் முன்னால் இருந்தவர் பாதி கேட்டு விட்டுப்போனது. வழக்குக் கட்டைப் பிரித்து ஊர்ப் பெயரைப் படிப்பதற்கும் அவர் செருப்பைக் கழற்றுவதற்கும் சரியாக இருந்தது. வழக்கு ஒன்றும் சிக்கலானதில்லை. சுகிர்தா என்று ஒரு பெண், இங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோமதிநாயகத்தின் மகன் இங்கே மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்தவன், இரண்டு பேரும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண் வேறு ஆட்கள் என்பதால் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை, பேத்தி பிறந்தபோதும் வரவில்லை. மகன் மஞ்சள்காமாலையில் செத்தபோது வந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுக் கொண்டுவருகிறோம் என்று நாலு வயசுப் பேத்தியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைக் கொடு என்று அவள் போட்ட வழக்கு. ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவளிடம் எப்படிப் பிள்ளையை விடுவது என்பது இவர் பதில். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்: ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிள்ளையை அழைத்துவர வேண்டும், கோர்ட் கலைகிற வரைக்கும் அம்மாவோடு இருக்கட்டும் என்று. வாய்தா வந்தால்தான் அம்மா. அந்தக் குழந்தை கோர்ட் என்றால் என்னவென்று நினைத்திருக்கும்! தென்றல் என்று பெயர். வராந்தாவில் எங்கேயோ சிரிக்கிறது இப்போது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், கும்பிட்டார், பார்வையை இறக்கிக்கொண்டார். அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி போட்டிருக்கிறேன், கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன், அதனால் என்றா? இல்லை. ஊராட்சி ஆபீசில் ஒன்றாக இருந்த ஐந்து வருஷத்தில் ஒரு தடவையாவது இந்த முகத்தைப் பார்த்திருந்தால்தானே அடையாளம் தெரிவதற்கு. அவர் என்னோடு பேசும்போதெல்லாம் என் தலைக்கு மேலே ஒரு ஜாண் உயரத்தில், சுவரைப் பார்த்துத்தான் பேசுவார்.

கொற்றங்குளம் ஊராட்சி, தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு ஒதுக்கீடு என்று அறிவிப்பு வந்த அன்று மேலத்தெருவில் அடுப்பு எரிந்திருக்காது. ஒரு வாரம் கழித்துக் கோமதிநாயகம் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார். அப்பா அவர் வயலில் வேலை செய்தவர். ஏலே, ஒம் மவ வக்கீலுக்குப் படிச்சிருக்காள்லா, அவளயே நிறுத்துவோம்ல, படிச்ச புள்ள, வம்புதும்புக்குப் போகாது. வம்புதும்புக்குப் போகாது என்றால் என்ன அர்த்தம் என்று அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் நின்றேன். ஜெயித்தால் கொஞ்சமாவது செய்யலாம் என்று இருபத்துநாலு வயசில் யாருக்குத்தான் தோன்றாது. ஜெயித்தேன். அவர் துணைத்தலைவர் ஆனார். முதல் நாள் ஆபீசுக்குள் போனேன். தலைவர் நாற்காலியில் அவருடைய துண்டு கிடந்தது. ஆள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார், துண்டு உட்கார்ந்திருந்தது.  அந்தத் துண்டை எடுத்து வைத்துவிட்டு உட்கார எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? உட்காரவில்லை. அப்பா மறுநாள் வயலுக்குப் போக வேண்டும், அம்மா கூலிக்குப் போக வேண்டும், தம்பி அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். நின்றேன். கூட்டம் நடந்த நாளெல்லாம் நின்றேன். பி.டி.ஓ. வந்த அன்று மட்டும் ஒரு மர ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள், ஜீப் கிளம்பியதும் அது உள்ளே போய்விட்டது. சுதந்திர தினத்துக்கு அவர் கொடி ஏற்றினார், நான் மிட்டாய்த் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியூர்க்காரர்கள் வந்து பிரசிடெண்ட் யாருங்க என்று கேட்டால் எல்லாரும் அவரைத்தான் காட்டுவார்கள், அவரும் வாங்க வாங்க என்பார். ஏ குணா, அந்தப் பேனாவ எடு, இங்ஙன கையெழுத்துப் போடு. குணவதி என்று போடுவேன். நடுவில் ஒரே ஒரு தடவை, எங்கள் தெருவுக்குக் குழாய் போடாமல் அவர் தென்னந்தோப்புக்குப் போட்ட பைப்லைனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ரிப்பேர் ஆனது, பத்து நாளுக்கு ரிப்பேர் ஆனது. பதினொன்றாம் நாள் எங்கள் தெருப் பெண்களே வந்து என்னைக் கெஞ்சினார்கள். கையெழுத்தைப் போட்டுத் தொலை தாயி. போட்டுத் தொலைத்தேன்.

பிரசிடெண்டாக இருந்து ஜட்ஜாக ஆனவள். இதை முதலில் சொன்னது ஒரு பெரியவர். மாவட்ட நீதிபதி இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் ஒருவர், என் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஓ, பஞ்சாயத்து பிரசிடெண்டா, அமெரிக்காவில்கூட ஒருத்தர் பிரசிடெண்டாக இருந்துவிட்டு அப்புறம் தலைமை நீதிபதி ஆனார், தெரியுமாம்மா என்றார். மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பாசமான சிரிப்புதான், அதுதான் இன்னும் எரிச்சல். தெரியாதுங்க ஐயா என்றேன். வீட்டுக்கு வந்து அந்த ஆளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. அவருக்குச் சின்ன வயசிலிருந்தே நீதிபதி ஆக வேண்டும் என்றுதான் ஆசையாம். பெண்டாட்டிக்குத்தான் ஜனாதிபதி மாளிகைமேல் கண். கூடவே ஒரு நண்பர், அப்போது ஜனாதிபதியாக இருந்தவர், எனக்கப்புறம் நீதான் என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாராம். நாலு வருஷத்தில் அதே நண்பர் எதிர்த்து நின்று இவரைத் தோற்கடித்தார், இல்லை, இரண்டு பேருமே தோற்றார்கள், இவர் மூன்றாவதாக வந்தார். பாவம். ரொம்பப் பாவம். தோற்றதும் பெரிய காலேஜ் ஒன்று கூப்பிட்டுச் சட்டம் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொண்டது. எட்டு வருஷம் கழித்துத் தலைமை நீதிபதி. கோர்ட்டுக்குத் தனியாக ஒரு கட்டடம் வேண்டும் என்று அலைந்து அனுமதி வாங்கினார், கட்டி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரிய உடம்புக்காரர். அவர் குளிப்பதற்கென்று அளவெடுத்துத் தொட்டி செய்தார்களாம். போட்டோவைப் பார்த்தேன், நாலு பேர் உட்காரலாம் அதற்குள். எனக்கு அந்தத் தொட்டிமேல்தான் ஆத்திரம் நின்றது, இன்றைக்கும் ஏன் என்று சரியாகத் தெரியவில்லை. ஒரு மனுஷன் எங்கே போனாலும் அவன் உடம்பின் அளவுக்கு உலகம் இடம் செய்து கொடுக்கிறது. அந்த நாளில் நாற்பத்தைந்து கிலோ நான், என்னை வைக்க ஒரு ஸ்டூல் இல்லை. அவரும் பிரசிடெண்ட், நானும் பிரசிடெண்ட், சிரிக்காமல் என்ன செய்வார்கள். அவரைக் கைபிடித்து உட்காரவைத்த நண்பர் எதிர்த்தாவது நின்றார். எதிர்த்து நிற்பதும் ஒரு மரியாதைதானே. என்னை நிறுத்தியவர் என்னை ஒரு ஆளாகவே எண்ணவில்லை.

அம்மா, ஒரு விண்ணப்பம். அவருடைய வக்கீல் சிவசிதம்பரம் எழுந்து நிற்கிறார். சாட்சிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கு, ரொம்ப நேரம் நிக்க முடியாது, உட்கார்ந்து சாட்சி சொல்ல அனுமதிக்கணும். தினம் யாராவது கேட்பதுதான். தினம் உட்காரச் சொல்லுங்க என்று தலையைத் தூக்காமலே சொல்லிவிடுவேன். இன்றைக்கு நாக்கு புரளவில்லை. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு காலில் பாரத்தை மாற்றினார். நின்று பார். கொஞ்ச நேரம் நின்றுதான் பாரேன். முழங்கால் எப்படி முதலில் கொதித்து அப்புறம் மரத்துப்போகும் என்று தெரிந்துகொள், தூரமான நாட்களில் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும்போது சுவரில் சாய்ந்துவிடாமல் நிற்பது எப்படி என்று தெரிந்துகொள். இல்லை, அது உனக்குத் தெரிய வராது. வாசலில் பெயர் கூப்பிடுகிற டவாலி என்னைப் பார்க்கிறான். சிவசிதம்பரம் பார்க்கிறார். சுகிர்தாவின் வக்கீல் ஜொஹரா கையில் பேப்பரோடு காத்திருக்கிறாள். கடைசி பெஞ்சில் சுகிர்தா, நர்ஸ் வேலைக்குக் கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டிய கொண்டையோடு, அவளும் என்னைத்தான் பார்க்கிறாள். இந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் இது ஒரு சாதாரண நிமிஷம். எனக்குள்ளே மட்டும் ஒரு ஊரே எழுந்து நிற்கிறது. உட்காரச் சொல்லுங்க என்றேன். குரல் வந்துவிட்டது. டவாலி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனான். ரொம்ப நன்றிம்மா என்று அவர் கும்பிட்டு, கையால் அதைத் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தட்டிவிட்டுக்கொண்டு! கொடுத்ததற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது, கொடுக்காமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும். இந்த அங்கி போட்டதிலிருந்து கோபத்துக்குப் போக ஒரு வழியும் இல்லாமல் போய்விட்டது, எந்தப் பக்கம் திரும்பினாலும் என்மேலேயே வந்து முட்டுகிறது.

ஜொஹரா குறுக்கு விசாரணையை ஆரம்பித்தாள். சின்னப் பெண், ஆனால் அவசரப்படாதவள். உங்க மகன் கல்யாணத்துக்கு நீங்க போகல, சரிதானா? உடம்புக்கு முடியல. பேத்தி பிறந்தப்பவும் உடம்புக்கு முடியலயா? அவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிள்ளைக்கு எந்தத் தடுப்பூசி எப்பப் போடணும்னு உங்களுக்குத் தெரியுமா? அதெல்லாம் வீட்டுல பொம்பளைங்க பாப்பாங்க. பேத்தியை எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்கீங்க? பாலர் வகுப்புல. பேரு? அவருக்குத் தெரியவில்லை. நான் டைப்பிஸ்டுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன், பள்ளியின் பெயர் எனக்குத் தெரியாது என்று சாட்சி கூறுகிறார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததும் தெரியாததும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல், ஒரு மெல்லிய தோல்தான் நடுவில், அது கிழியாமல் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அவள் கேட்டாள், நீங்க உங்க பிரமாண வாக்குமூலத்துல, ஊராட்சித் தலைவராக இருந்தவன், ஊரில் செல்வாக்கு உள்ளவன், அதனால் குழந்தையை நல்ல சூழலில் வளர்க்க முடியும்னு சொல்லியிருக்கீங்க. எந்த வருஷம் தலைவரா இருந்தீங்க? அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ரெண்டாயிரத்தாறுலேருந்து பதினொண்ணு வரைக்கும். அஞ்சு வருஷம். ரோடு, தண்ணி டேங்க்கு, ரேஷன் கடை, எல்லாம் என் காலத்துல வந்ததுதான். வேணும்னா ஊர்ல போயி யாரை வேணும்னாலும் கேளுங்க, கொற்றங்குளத்துல பிரசிடெண்டு யாருன்னு.

ஒரு கணம் காது அடைத்துவிட்டது. ஃபேன் சுற்றுகிறது, சத்தம் இல்லை. ஜொஹராவின் உதடு அசைகிறது, சத்தம் இல்லை. என் காலம். என் வருஷங்கள். அடுத்த முறையும் ஊர் ஒதுக்கீட்டிலேயே இருந்தது, அதற்கடுத்துப் பொதுவானபோது இவருடைய சொந்தத் தெருக்காரனே இவரைத் தோற்கடித்தான். அதனால் இவர் ஒரு நாள்கூடத் தலைவராக இருந்ததில்லை. இருந்ததில்லை என்பதால் என்னுடையதை எடுத்துப் போட்டுக்கொண்டார், பரணிலிருந்து ஒரு சட்டையை எடுப்பது போல. அதுவும் சாமிமேல் சத்தியம் செய்துவிட்டு. இதில் என்ன கொடுமை என்றால், அவர் பொய் சொல்வதாக நினைக்கவே இல்லை. முகத்தைப் பார்த்தேன். கண் இமைக்கவில்லை, தொண்டை அசையவில்லை. அவர் மனசில் அந்த ஐந்து வருஷத்தில் வேறு யாரும் இல்லை. பேனா எடுத்துக் கொடுத்த ஒரு கை இருந்தது, மிட்டாய்த் தட்டைப் பிடித்த ஒரு கை இருந்தது, அவ்வளவுதான். ஊரில் போய்க் கேட்கச் சொல்கிறார், கேட்டால் ஊரும் அப்படித்தான் சொல்லும். ஊராட்சி ஆபீஸ் பலகையில் என் பெயர் இருக்கிறது, வெள்ளை பெயிண்டில். அதைப் படிக்கிற ஆள் அந்த ஊரில் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. சொல்லிவிடலாமா? பொய் என்று மேசையைத் தட்டிச் சொல்லிவிடலாமா? ஒரு நீதிபதிக்குத் தெரிந்தது எதுவும் வழக்குக்குத் தெரியாது, வழக்குக் கட்டுக்குள் இருப்பது மட்டும்தான் தெரியும். பேசாமல் இருந்துவிடலாமா? பேசாமல் கேட்டு முடித்து, இரண்டு வாரத்தில் பிள்ளையைத் தாயிடம் கொடு என்று எழுதிவிடலாம். நியாயமும் அதுதான். தாய் நல்ல வேலையில் இருக்கிறாள், பிள்ளையைப் பிரிந்து பாதியாகிவிட்டாள், இந்த ஆளுக்குப் பள்ளிக்கூடத்தின் பெயர்கூடத் தெரியவில்லை. யார் உட்கார்ந்திருந்தாலும் இப்படித்தான் எழுதுவார்கள். எழுதிய பிறகு? இந்த ஜட்ஜ் எங்கள் ஊர்க்காரி, எனக்கும் இவளுக்கும் பழைய பகை என்று மேல்முறையீட்டில் போய் நிற்பார். தீர்ப்பை ரத்து செய்வார்கள், கைக்கு வந்த பிள்ளையை அந்தப் பெண்ணிடமிருந்து மறுபடி பிடுங்குவார்கள். என் கோபத்துக்கு அவள் பிள்ளை போகும். சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் வழக்கு என் கையை விட்டுப் போய்விடும், வேறு கோர்ட், வேறு வாய்தா, அதுவரை குழந்தை இவரிடம். சொன்னாலும் இவருக்கு லாபம், சொல்லாவிட்டாலும் இவருக்கு லாபம். அன்றைக்கும் இப்படித்தான், கையெழுத்துப் போட்டாலும் அவருக்கு, போடாவிட்டாலும் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் இல்லை. எப்படி இந்த மாதிரி ஆட்களுக்கு எல்லாப் பக்கமும் வாசல் இருக்கிறது?

கேள்வியை நிறுத்துங்க என்றேன் ஜொஹராவிடம். அவள் பயந்துபோய்ப் பார்த்தாள். சாட்சி கடைசியாகச் சொன்னது அவர் வார்த்தையிலேயே பதிவாகட்டும் என்று டைப்பிஸ்டுக்கு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். தலைவர் நான்தான் என்பது உட்பட. அப்புறம் பேனாவை மூடி வைத்தேன். இந்த வழக்கை மேலே கொண்டுபோறதுக்கு முன்னால இரண்டு தரப்புக்கும் ஒரு விஷயம் சொல்லணும். நான் கொற்றங்குளத்துக்காரி. சாட்சியை எனக்குத் தெரியும். அவர் சொன்ன அந்த அஞ்சு வருஷமும் அந்த ஊராட்சிக்குத் தலைவரா இருந்தது நான். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லலாம். கோர்ட்டில் யாரோ ஒரு கட்டைக் கீழே போட்டார்கள். சிவசிதம்பரம் திரும்பித் தன் கட்சிக்காரரைப் பார்த்தார். கோமதிநாயகம் என்னைப் பார்த்தார். சுவரை இல்லை, என்னை. நெற்றி, கண்ணாடி, மூக்கு, வாய் என்று அவர் பார்வை ஊர்ந்தது எனக்கு உடம்பில் தெரிந்தது. குணாவா, என்றார். வாய் பாதி திறந்தபடியே இருந்தது. குணாவா நீ. வக்கீல் ஓடிப்போய் அவர் கையை அழுத்தினார். அம்மான்னு சொல்லுங்க, அம்மான்னு சொல்லுங்க. பிறகு இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஜொஹரா, எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா என்றாள். சிவசிதம்பரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு ஆட்சேபணை இருக்கும்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது, வேற கோர்ட்டுக்கு மாத்திக் கொடுத்தா நல்லது என்றார். அதில் தப்பில்லை. ஆட்சேபிக்க அவருக்கு உரிமை உண்டு. எந்த அடிப்படையில ஆட்சேபணை என்று கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். இல்ல சார், உங்க சாட்சி அந்த வருஷங்களில் தலைவர் தான்தான்னு சத்தியம் பண்ணியிருக்கார். அது உண்மைன்னா நான் அங்க யாருமே இல்ல, எனக்கும் அவருக்கும் முன்பகைக்கு இடமே இல்ல, வழக்கை நானே கேட்கலாம். நான் இருந்தது உண்மைன்னா, அவர் சொன்னது என்ன? அவரே சொல்லட்டும். தலைவராக இருந்தது யார்?

எழுந்து நிற்கப் போனார். உட்கார்ந்தே சொல்லலாம் என்றேன். கூண்டின் கம்பியைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார், வெளியே வராந்தாப் பக்கம் பார்த்தார்.  இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காக ராத்திரி ராத்திரியாக முழித்திருந்தேன் நான், வக்கீலாக அலைந்தபோது, மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்து ஜட்ஜ் பரீட்சைக்குப் படித்தபோது, இந்த அங்கியை முதல் தடவை போட்டபோது, இதை அந்த ஆள் வாயிலிருந்து ஒரு நாள் பிடுங்குவேன் என்று. நீங்கதாம்மா பிரசிடெண்டு, என்றார். நான் வைஸ். சொல்லிவிட்டார். அவ்வளவுதான். சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குச் சொல்வது போல. எனக்கு உள்ளே ஏதாவது இறங்கும், ஏதாவது குளிரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. கோபம்தான் பொங்கி எழுந்தது. இவ்வளவு லேசானதா இது? இரண்டு சொல். இதைச் சொல்ல ஒரு செலவும் இல்லை என்றால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை, பி.டி.ஓ.விடம் சொல்லியிருக்கலாம், கொடிக்கம்பத்தின் கீழே சொல்லியிருக்கலாம், எங்கள் அப்பா சாகிறதற்கு முன்னால் அவர் காதில் விழுகிற மாதிரி ஒரு தடவை சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறார், எதற்கு? என்னிடமிருந்து தப்பிப்பதற்கு. என் தலைமையை அவர் ஒப்புக்கொண்டதே அதை வைத்து என்னை இந்த வழக்கிலிருந்து வெளியேற்றத்தான். உண்மையையும் ஒரு வாசலாக்கி வெளியே போகிறார் பாருங்கள். டைப் பண்ணுங்க என்றேன். முதலில் சொன்னதற்கு நேர் கீழே, அதே பக்கத்தில். அடுத்து எந்த ஜட்ஜ் இந்தக் கட்டைப் பிரித்தாலும் சத்தியத்தின் மேல் இந்த ஆள் சொன்ன இரண்டு பதிலையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் படிப்பார். ஜொஹரா தலையைக் குனிந்து எதையோ எழுதினாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. சிவசிதம்பரத்துக்கும் புரிந்துவிட்டது. கோமதிநாயகத்துக்குப் புரியவில்லை.

அம்மா, அப்ப என் புள்ள? சுகிர்தா எழுந்து நின்றாள். கட்சிக்காரர்கள் அப்படி எழுந்து பேசக் கூடாது, டவாலி உஸ் என்றான். அவள் உட்காரவில்லை. அடுத்த கோர்ட்டு எப்பம்மா கூப்பிடும்? அவள் குரலில் கெஞ்சல் இல்லை, கோபம் இருந்தது, என்மேல். ஏன் வாயைத் திறந்தாய் என்கிற கோபம். நியாயமான கோபம். உன்னிடம் பேச எனக்கு வாய் இல்லை பெண்ணே. சிவசிதம்பரத்தைப் பார்த்தேன். சார், ஆட்சேபணை உங்க தரப்புது, தாமதமும் உங்களால. கட்டை இன்னைக்கே முதன்மை மாவட்ட நீதிபதிக்கு அனுப்புறேன், திங்கட்கிழமை அவர் எடுப்பார், வேற கோர்ட்டுக்குக் கொடுப்பார். நான் விலகிட்ட பிறகு என்னால எந்த உத்தரவும் போட முடியாது. ஆனா இரண்டு தரப்பும் சம்மதிச்சா பதிவு பண்ண முடியும். அந்தக் கோர்ட் மாற்றிச் சொல்ற வரைக்கும் குழந்தை தாயோட இருக்கட்டும்னு உங்க தரப்பு சம்மதிக்குதா? இல்லேன்னாலும் பரவாயில்ல, இல்லேன்னு பதிவு பண்ணிடுறேன், சாட்சியம் இருக்கிற அதே பக்கத்துல. சிவசிதம்பரம் பழைய ஆள், கணக்கு தெரிந்தவர். திரும்பிக்கூடக் கேட்கவில்லை. சம்மதம்மா என்றார். கோமதிநாயகம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அதெப்படி, ஊருக்குக் கூட்டிட்டுப் போவணுமே, என் வாரிசுல்லா என்றார். வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு, அண்ணாச்சி, உட்காருங்க, நான் சொல்றேன்லா என்றார். உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தாள். சம்மதத்தின் பேரில், வேறு உத்தரவு வரும் வரையில். சுகிர்தா கடைசி வரிவரைக்கும் நின்று கேட்டாள். அப்புறம் எனக்கு ஒரு கும்பிடுகூடப் போடவில்லை, திரும்பி ஓடினாள், கதவில் தோள் இடித்தது, அதையும் பொருட்படுத்தாமல் ஓடினாள். வராந்தாவில் அந்தக் குழந்தை அம்மா எங்க போறோம் என்று கேட்டது. அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை.

சாட்சி கையெழுத்துப் போட்டார். நிதானமாக, எழுத்துக் கூட்டி. போட்டுவிட்டுக் கூண்டைவிட்டு இறங்கப்போனவர் ஒரு காலைக் கீழே வைத்தபடியே நின்று கையைக் கூப்பினார். இந்தத் தடவை என் கண்ணைப் பார்த்துத்தான் கூப்பினார். தாயி, என்றார், நம்ம ஊர்ப் புள்ள இம்புட்டு ஒசரத்துல இருக்கது எனக்கும் பெருமைதாம். பழச மனசுல வச்சுக்கிடாத. சிவசிதம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். வைத்துக்கொள்வேன். தார் ரோட்டை வைத்துக்கொள்வேன், துண்டை, மர ஸ்டூலை, மிட்டாய்த் தட்டை, பத்து நாள் ஓடாத மோட்டாரை, எங்கள் அப்பாவின் கக்கத்தை, எல்லாவற்றையும் வைத்துக்கொள்வேன். மறந்துவிடு என்று சொல்கிற உரிமையும் உனக்கு, பெருமைப்படுகிற உரிமையும் உனக்கு, கோபமாவது எனக்கு இருக்கட்டும். அது நான் சம்பாதித்தது. உன் முகத்துக்கு நேரே இதையெல்லாம் சொல்ல முடியாத இடத்தில் என்னைக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது என் படிப்பு. அதற்காகவும் கோபம்.  சாட்சி இறங்கலாம் என்றேன். அவர் இன்னும் எதற்கோ காத்திருந்தார். ஒரு சிரிப்புக்கோ, ஒரு சரி அண்ணாச்சிக்கோ. நான் அவர் தலைக்கு மேலே பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவரே பார்வையை எடுக்கும் வரைக்கும். எடுத்தார். மெதுவாக இறங்கிப் போனார். பெஞ்ச் கிளார்க் அடுத்த கட்டை எடுத்து வைத்து, நடத்தலாமா அம்மா என்றார். கூப்பிடுங்க என்றேன்.